வெள்ளைக்கு நேரம், கறுப்புக்கு ஃபில்டர்

நேயர்களுக்கு வணக்கம். கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் இருட்டறையில் மஞ்சள் ஃபில்டருக்கும் மெஜந்தா ஃபில்டருக்கும் என்ன வேலை, படத்தில்தான் நிறமே இல்லையே என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. ஃபில்டர் பேசுவது பேப்பரிடம்.

முன்பு கான்ட்ராஸ்டுக்கு, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் தக்கபடி கிரேடு வாரியாகத் தனித்தனிப் பேப்பர்ப் பெட்டி வாங்கி வைக்க வேண்டும். 1940-ல் இல்ஃபோர்டு நிறுவனம் கொண்டுவந்த மல்டிகிரேடு வகைப் பேப்பரில் ஒரே பெட்டி போதும். பூச்சில் ஒளி பட்டால் கறுக்கும் கலவைகள், அதாவது எமல்ஷன்கள், ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருக்கும். நீல ஒளி பட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் கறுக்கும், கான்ட்ராஸ்ட் கூடும். பச்சை ஒளிக்கு ஒன்று சீக்கிரம் கறுக்கும், இன்னொன்று தாமதிக்கும், படம் மென்மையாகும். மெஜந்தா பச்சையைத் தடுக்கும், மஞ்சள் நீலத்தைத் தடுக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். ஃபில்டர்களுக்கு 00 முதல் 5 வரை எண்கள். எண் ஏற ஏறக் கான்ட்ராஸ்ட் ஏறும்.

இனி என் பழைய பாட்டு. என்னோடு இருட்டறையில் நின்றவர்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். பிரிண்ட் மந்தமாக வந்தால் உடனே 5-ஆம் எண்ணுக்குக் கை போகிறது. பொறுங்கள். முதலில் வெள்ளையைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையில் மடிப்பு தெரிகிறதா? தெரியவில்லை என்றால் ஒளி கொடுத்த நேரம் போதவில்லை. சட்டையே அழுக்காகத் தெரிந்தால் நேரம் அதிகம். டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு, அதாவது துண்டுப் பேப்பரில் வெவ்வேறு நேரம் ஒளி கொடுத்துப் பார்த்து, அதைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் தலைமுடிக்கு வாருங்கள். கன்னங்கரேலென்று அப்பியிருந்தால் எண்ணைக் குறையுங்கள். சாம்பல் பூத்திருந்தால் ஏற்றுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: வெள்ளைக்கு நேரம், கறுப்புக்கு ஃபில்டர்.

இன்னொன்று. சேஃப்லைட்டில், அதாவது பேப்பரைக் கெடுக்காத இருட்டறை மங்கல் விளக்கில், எந்தப் பிரிண்டும் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். பயந்துபோய், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலிலிருந்து அவசரமாக எடுத்துவிட்டு, மந்தமாக இருக்கிறது என்று பாவம் ஃபில்டரைத் திட்டுகிறார்கள்! முழு நேரமும் ஊறட்டும். வெளிச்சத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இல்ஃபோர்டு ஃபில்டர்களில் மூன்றரை வரை நேரம் மாறாது. 4-க்கும் 5-க்கும் இரட்டிப்பு.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள், சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே பேப்பரில் 00-ல் ஒரு முறை, 5-ல் ஒரு முறை என்று இரண்டு தடவை ஒளி கொடுக்கலாம். வெளுத்த வானத்துக்கு மட்டும் 00-ல் கூடுதலாகக் கொடுத்தால் வானத்தில் சாம்பல் ஏறும், குறுக்கே நீட்டிய கிளை அவ்வளவாகக் கருகாது. ஆனால் ஃபில்டர் மாற்றும்போது, படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் அசையக் கூடாது. அசைந்தால் கோடெல்லாம் இரட்டையாகிவிடும். வணக்கம்.