பிள்ளைக்குச் சேர்க்கை சரியில்லை என்கிறோமே, அது உண்மையா? பாம்பன் நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற உரையைக் கேட்டுவிட்டுப் பாம்பனிலிருந்து ஒரு தங்கை அனுப்பிய கேள்வி, நான்கு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. "நான் பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். பதின்பருவப் பிள்ளைகளின் ஆளுமையையும் நட்பையும் பற்றி உளவியலில் முதுகலையும் அதற்கு மேலும் படிக்க விரும்புகிறேன். எங்கே, எப்படிப் படிப்பது? வீட்டில், ஏர்வாடிக்கு வேலைக்குப் போகப் போகிறாயா என்று கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

வீட்டார் கேட்டதில் தவறில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை மறக்க முடியாத கரை இது; உளவியல் என்றதும் மனநோய்தான் நம்மவர்க்கு நினைவுக்கு வரும். நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவது மருத்துவ உளவியல். அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்றுக்கொண்ட தனிப் பயிற்சி வேண்டும். நீங்கள் கேட்பது வளர்ச்சி உளவியல். அது நம் தெருவில் ஓடியாடுகிற எல்லாப் பிள்ளைகளையும் பற்றிய படிப்பு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களை முதுகலை உளவியலில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு; உளவியல் பட்டமே வேண்டும் என்பவையும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு எடுத்தால்தான் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்க முடியும்; 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் வீட்டுக்குச் சுமையில்லை. புள்ளியியலை இன்றே தொடங்குங்கள்.

ஆனால், எதைத் தெரிந்துகொள்ளப் படிக்கிறீர்கள் என்பதையும் எழுதியிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். பல உரைகளில் சொன்னதைத்தான் மறுபடியும் சொல்கிறேன்: 'சேர்க்கை சரியில்லை' என்ற சொல்லை நாம் ஆராயாமலே நம்பிவிட்டோம். தங்கச்சிமடம் பக்கத்தில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் இரண்டு கூட்டாளிகள் ஒரே மாதத்தில் பள்ளியை விட்டு நாட்டுப்படகில் ஏறிவிட்டார்கள். ஒருவனுடைய தாய் வந்து, "சார், என் மகன் நல்லவன், சேர்க்கைதான் சரியில்லை" என்று அழுதார். அதே வாரத்தில் மற்றவனுடைய தாயும் வந்தார்; சொல் மாறாமல் அதையே சொல்லி அழுதார். யார் யாரைக் கெடுத்தார்கள்? அன்று எனக்கு விடை தெரியவில்லை.

அந்த விடையைத் தேடியவர் டெனிஸ் காண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர். நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆராய்ந்து, 1978இல் அவர் வெளியிட்ட முடிவு இது. பின்னால் நண்பர்களாகப் போகிறவர்கள், நட்புக்கு முன்பே கஞ்சாப் பழக்கத்திலும் படிப்பு நாட்டத்திலும் ஓரளவு ஒத்திருந்தார்கள். நட்பு நீடித்தவர்கள் மேலும் ஒத்துப்போனார்கள். அவ்வளவாக ஒத்திராதவர்களின் நட்பு முறிந்தது. அதாவது, பிள்ளை தன்னைப் போன்றவனைத் தேர்ந்தெடுக்கிறான், பிறகு அவனைப் போல ஆகவும் செய்கிறான். இரண்டும் ஏறக்குறைய சம அளவில் நடக்கின்றன. அந்த இரண்டு தாய்மாரும் பாதி உண்மையைச் சொன்னார்கள்.

ஆளுமை இங்கேதான் உள்ளே வருகிறது. சின்யின் சென் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தபோது, கனடாவில் அத்தகைய பிள்ளைகளைச் சக மாணவர்கள் ஒதுக்கினார்கள். 1990 வாக்கில் ஷாங்காயில் அவர்களை விரும்பினார்கள். 2002இல் அதே ஷாங்காயில் பார்த்தபோது, அங்கேயும் ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். சுபாவம் அதேதான், அதற்குக் கூட்டாளிகள் தரும் மதிப்பு ஊர் மாற, காலம் மாற, மாறிவிட்டது. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகம் பேசாத ஒரு பையனைக் கரைவலை இழுக்கும் இடத்தில் 'அடக்கமானவன்' என்கிறோம், வகுப்பில் அவனையே 'பயந்தாங்கொள்ளி' என்று கூப்பிடுகிறார்கள். காலையில் ஒரு பெயரும் பகலில் ஒரு பெயருமாக வளர்கிற அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட நண்பனைத் தேடுவான்? தங்கையே, இந்தக் கேள்வியை இந்தக் கரையில் பிறந்தவர்தான் சரியாகக் கேட்க முடியும்.

ஆய்வு செய்வதானால் காண்டலைப் போல இரண்டு முறை அளக்க வேண்டும்: ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு முறை, ஆண்டுத் தேர்வுக்கு முன் ஒரு முறை. பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் "உனக்குப் பிடித்தவர் யார்" என்பதோடு "பிடிக்காதவர் யார்" என்றும் கேட்பது வழக்கம். ஒரே தெருவில் எல்லாரும் மாமன் மச்சானாக இருக்கும் ஊரில் அந்த இரண்டாவது கேள்வியை யார் மனமும் நோகாமல் எப்படிக் கேட்பீர்கள் என்று யோசித்து எழுதியனுப்புங்கள். அடுத்த உரையை அதிலிருந்தே தொடங்குகிறேன்.