கடலை மட்டும் குறை சொல்லாதீர்கள்

(பந்திங் ஆலய மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கடலோரப் பாறை தேய்ந்தாலும் குன்று சரிந்தாலும் நாம் கடலைத்தான் குறை சொல்கிறோம், மழைநீருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த ஊரில் கடற்கரை என்றால் மோரிப்தான், அங்கே குன்றும் இல்லை, பாறையும் இல்லை, தண்ணீர் வற்றினால் சேறுதான் தெரியும், அதனால் பினாங்குக்குப் போவோம். அங்கே பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். அலை அடித்து அடித்து உருண்டையானவை என்றுதான் நினைக்கிறோம். இல்லை. பெரும்பாலும் அவை மண்ணுக்கு அடியிலேயே உருண்டு திரண்டவை.

கருங்கல்லில் இயற்கையாகவே வெடிப்புகள் இருக்கும். மழைநீரில் லேசான அமிலம் இருப்பதால், அது அந்த வெடிப்புகளில் இறங்கி, ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கிவிடுகிறது. மூலைகளைப் பல பக்கமிருந்தும் தண்ணீர் தாக்குவதால் அவைதான் முதலில் போகும், நடுவில் உருண்டை மிஞ்சும். நம் வெயிலுக்கும் மழைக்கும் இந்தச் சிதைவு பல மீட்டர் ஆழம் போகும். அப்புறம் சுற்றியுள்ள மண்ணை மழை அரித்துவிட்டால் கல் தலைகாட்டும், சரிவு என்றால் உருண்டு கரைக்கும் வந்துவிடும். (பாடப்புத்தகத்தில் வெடிப்பில் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து பாறை பிளப்பதைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம், நம் நாட்டுக் கடற்கரையில் அதற்கு வேலையே இல்லை.)

கடல் சும்மா இருக்கிறது என்று சொல்லவில்லை. அடியைக் குடைகிறது, உப்பு பாறையின் நுண்துளைகளில் படிகமாகி மணல்மணலாய் உதிர்க்கிறது. சரவாக்கில் மிரி பக்கம் தூசான் கரையில் குதிரை தண்ணீர் குடிப்பது போல நின்ற மணற்பாறை 2020 பிப்ரவரியில் சரிந்ததே, அது அலையும் மழையும் சேர்ந்து அரித்த கரை.

ஆனால் மேலிருந்து இறங்கும் மழைநீரைத்தான் நாம் கவனிப்பதில்லை. இங்கிலாந்தில் ஸ்கார்பரோ ஊரில், 1993 ஜூனில், கடலோரக் குன்றின் மேல் ஒரு ஹோட்டல் இருந்தது. அதன் தோட்டத்து மண் முதலில் போனது, பிறகு கட்டடமும் இடிந்து போனது. அந்தக் குன்று பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிப்பாளம், விட்டுப்போன களிமண், மழைநீர் ஊறினால் கனமும் கூடும், பிடிமானமும் குறையும். சரிந்த மண் கடலுக்குள் 135 மீட்டர் வரை நீண்டு நின்றது, அதாவது கரை கொஞ்ச காலம் முன்னே போனது! பிறகு அதை அலை அள்ளிக்கொண்டு போகும், அள்ளாவிட்டால் அடியில் குவிந்த மண்ணே முட்டுக்கொடுத்து, சரிவு தானாகவே அடங்கிவிடும். கடலின் பெரிய வேலை பெரும்பாலும் இந்த அள்ளுவதுதான் என்பேன்.

அதனால் கடலோரக் குன்றில் சாலே (விடுமுறைக் குடில்) எடுத்துத் தங்குகிறவர்கள் அலையை மட்டும் பார்க்காதீர்கள். மேலே தரையில் புதுப் பிளவு, சாய்ந்த மரம், கலங்கலாகக் கசியும் ஊற்று, இவற்றைப் பாருங்கள். கனமழை விட்ட பிறகும் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கும், சரிவு மறுநாள்கூட வரலாம்.