சுரங்க வாயிலில் ஒரு மீன்கொத்தி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சிங்காநல்லூர் குளக்கரையில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரின் மேல் சாய்ந்த ஒரு காய்ந்த கிளையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் நீலப் பறவை ஒன்று உட்கார்ந்திருக்கும். உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் அலகு. குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் கிளை காலியாகிவிடும். மறுகணம் வாயில் மீனோடு அதே கிளையில் வந்து உட்காரும். விழுந்த இடத்தில் தண்ணீர் அதிகம் தெறித்திருக்காது. சிறு மீன்கொத்தி என்கிறோம். சங்கப் புலவர்கள் இதைச் சிரல் என்றார்கள். செம்முல்லை மொட்டை இதன் அலகுக்கு ஒப்பிட்டார்கள். அந்த அலகை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இதே பறவை ஜப்பானிலும் உண்டு. அங்கே அது ஒரு ரயிலின் மூக்கை மாற்றியது.

ஷின்-ஒசாகாவிலிருந்து ஹகாட்டா வரை ஓடும் சன்யோ புல்லட் ரயில் பாதையில் ஏறத்தாழப் பாதித் தூரம் சுரங்கம். அதில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓட்ட வேண்டும் என்று மேற்கு ஜப்பான் ரயில்வே முனைந்தது. ஓட்டுவதற்குச் சக்தி இருந்தது. சத்தம்தான் தடுத்தது. ரயில் சுரங்கத்துக்குள் புகும்போது, சைக்கிள் பம்பின் தண்டு போல முன்னால் இருக்கும் காற்றை நெருக்கித் தள்ளுகிறது. அந்த அழுத்த அலை ஒலியின் வேகத்தில் ரயிலை முந்திக்கொண்டு ஓடி, மறுவாயிலில் வெடிபோல் வெளிப்படுகிறது. 400 மீட்டர் தள்ளியிருக்கும் வீடுகளிலிருந்துகூடப் புகார் வந்தது. வேகம் கொஞ்சம் கூடினாலும் இந்த வெடிச்சத்தம் பலமடங்கு கூடும்.

அந்த வேலையில் இருந்த பொறியாளர் எய்ஜி நகாட்சு. ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பவர். சோதனை ஓட்டத்தில் இருந்த ஓர் இளம் பொறியாளர், சுரங்கத்துக்குள் நுழையும்போது ரயில் சுருங்குவதுபோல் இருக்கிறது என்று அவரிடம் சொன்னார். அந்தச் சொல்லை நகாட்சு பிடித்துக்கொண்டார். திறந்த வெளியில் குறைந்த தடை, சுரங்கத்தில் திடீரென்று அதிகத் தடை. அப்படியானால், தடை குறைந்த இடத்திலிருந்து தடை மிகுந்த இடத்துக்குத் தினமும் பாய்கிற உயிர் எது?

நண்பர்களே, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். இதில் ரயில் இல்லை, சுரங்கம் இல்லை, புகார் இல்லை. தன் தொழிலின் சொற்களை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு அவர் கேட்டார். 'சுரங்கச் சத்தத்தைக் குறைப்பது எப்படி' என்று கேட்டிருந்தால் எந்தப் பறவையும் பதில் சொல்லியிருக்காது. காற்றிலிருந்து தண்ணீருக்குப் பாய்வது யார் என்று கேட்டதும் மீன்கொத்தி நினைவுக்கு வந்துவிட்டது. அவர் அதை முன்பே பார்த்து வைத்திருந்ததால்தான் வந்தது. தேவை வந்த பிறகு காட்டுக்கு ஓடியவர் அல்லர் அவர்.

பறவையை நம்பி அப்படியே வரைந்துவிடவும் இல்லை. பல வடிவக் குண்டுகளைக் குழாய்க்குள் செலுத்தி அழுத்த அலையை அளந்தார்கள். கணினியிலும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மிகச் சிறந்ததாக வந்த வடிவம், மீன்கொத்தி அலகுக்கு வெகு நெருக்கமாக இருந்தது. 1997 மார்ச்சில் 15 மீட்டர் நீள மூக்கோடு 500 வரிசை என்ற புது வகை ரயில் ஓடத் தொடங்கியது. முந்தைய 300 வரிசையைவிடக் காற்றுத் தடை 30 விழுக்காடு குறைவு, மின்சாரச் செலவு 15 விழுக்காடு குறைவு. கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கருவியின் இரைச்சலுக்கு ஆந்தையின் இறகிலிருந்து வழி கிடைத்தது. இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற நுண்ணிய வரிசை காற்றின் பெருஞ்சுழல்களைச் சிறு சுழல்களாக உடைக்கிறது.

ஆனால் அந்த நீண்ட மூக்கு இலவசமாக வரவில்லை. முதல் பெட்டியில் பாதிக்கு மேல் மூக்கே அடைத்துக்கொண்டது. அங்கே இருக்கைகள் குறைந்தன. 2007-இல் வந்த என்700 ரயிலின் மூக்கு 10.7 மீட்டர்தான். அதன் வடிவத்தை மரபணு நெறிமுறை என்ற கணினி முறையில் தேடினார்கள். பல வடிவங்களை உருவாக்கி, நல்லவற்றை இணைத்து, சிறு மாற்றம் செய்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுப்பது. முதலில் பறவையின் அலகிடம் கற்றார்கள். அடுத்து, அந்த அலகை உருவாக்கிய பரிணாம முறையிடமே கற்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

என் அனுபவம் மிகச் சிறியது. நான் வேலை பார்த்த ஆலையின் கிடங்கில் ஒரே குறுகிய வழி. மாலையில் லாரி வந்தால் சுமை ஏற்றுபவர்கள் தள்ளுவண்டியோடு முட்டிக்கொள்வார்கள். ஆள் போதவில்லை என்று சொல்லி இன்னும் நான்கு பேரை வைத்தோம். நெரிசல் கூடியதுதான் மிச்சம். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது, மண் தோண்டும் எறும்புகளைப் பார்த்தேன். வளைக்குள் நெருக்கடி என்றால் ஓர் எறும்பு சண்டை போடாமல் வெறும் வாயோடு திரும்பிவிடுகிறது. பல எறும்புகள் வெளியே சும்மா நிற்கின்றன. அன்று மாலையே ஒரு நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் உள்ளே விடவில்லை. மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். லாரி விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிட்டது. சும்மா உட்கார வைத்ததற்கு மேலாளர் கோபித்துக்கொண்டார். மறுநாள் நேரத்தைக் காட்டியதும் விட்டுவிட்டார். தீ எறும்புகளில் 30 விழுக்காடுதான் தோண்டும் வேலையில் 70 விழுக்காட்டைச் செய்கின்றன, அதனால்தான் வளை அடைபடுவதில்லை என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் பின்னாளில் படித்தபோது, அந்தத் திண்ணைதான் என் கண்முன் வந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு நான் குளக்கரையில் இருப்பேன். வருகிறவர்கள் வாருங்கள். எந்த வேலைச் சிக்கலையும் அன்று பேச வேண்டாம். மீன்கொத்தி எத்தனை முறை பாய்கிறது, எத்தனை முறை வெறும் வாயோடு திரும்புகிறது என்று மட்டும் எண்ணுவோம்.