வாலில் சிவப்பு ரிப்பன்

வணக்கம் நேயர்களே. குதிரைப் போட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் கிண்டி ரேஸ்தான் என்று நினைத்துவிட்டார்கள். அது இல்லை, இது டிரெஸ்ஸாஜ். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் களத்தில் குதிரையும் ஆளும் ஒரே உடம்பு போல நடந்து, ஓடி, திரும்பிக் காட்ட, நடுவர்கள் மார்க் போடுவார்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் அணி தங்கம் வாங்கியதே, அதுதான். அதை டிவியில் பார்த்த பலரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வேர்த்துக் கொட்டும்போது எதற்குக் கோட்டும் கையுறையும்?

கோட்டு பெரும்பாலும் மரபுக்காகத்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். கையுறை அப்படி இல்லை, வேர்த்த கையில் கடிவாள வார் வழுக்கும். பூட்ஸில் குதிகால் இருப்பது பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்துக்குள், நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க. மாட்டிக்கொண்டு விழுந்தால் குதிரை நம்மைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும்.

தலைக்கு வருவோம். பெரிய போட்டிகளில் உயரமான கறுப்புத் தொப்பிதான் வெகுகாலம் கௌரவம், ஆனால் பட்டுத் தொப்பி மண்டையைக் காக்குமா? பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் போட்டியிட்ட கோர்ட்னி கிங் டை, 2010 மார்ச்சில் பயிற்சியின்போது ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, மண்டை உடைந்து கோமாவுக்கே போய்விட்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு வந்து தங்கம் வென்றார். அப்புறமும் சர்வதேசக் கூட்டமைப்பு எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது 2021 ஜனவரியில்தான். இவ்வளவு தாமதத்துக்கு அழகைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

குதிரைக்குப் போடுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மேல்நிலைப் போட்டிகளின் டபுள் பிரைடிலில், அதாவது இரட்டைக் கடிவாளத்தில், குதிரையின் வாய்க்குள் இரண்டு இரும்பு, நம் கையில் நான்கு வார். கை முரடாக இருந்தால் அந்த வாய்க்குத்தான் வலி. மூக்கைச் சுற்றிய பட்டையை இறுக்கிக் கட்டினால் குதிரை வாயைத் திறந்து வலியைக் காட்டவும் முடியாது. இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய கணக்கு, ஆனால் யாருடைய விரல்? அதனால்தான் 2025இல் அதை அளக்கவே ஒரு கருவி கொண்டுவந்தார்கள். வாயிலோ விலாவிலோ ரத்தம் தெரிந்தால் வெளியேற்றம். அதே டுஜார்டினையே 2019இல் ராட்டர்டாமில், பூட்ஸின் குதிகாலில் மாட்டும் குதிமுள் பட்ட இடத்தில் ரத்தம் தெரிந்ததால் வெளியே அனுப்பினார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் பெரிய போட்டியில் கோட்டுக்குப் பட்டன், பிடரிக்குப் பின்னல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பயிற்சிக்குக் குதிரையின் காலில் சுற்றிய பேண்டேஜைக் கழற்ற மறந்து களத்துக்குள் போய்விட்டேன். போட்டியில் அது கூடாது. மணி அடித்தது, அவ்வளவுதான், நான் வெளியே. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். அன்று குதிரைமேல் ஒரு குற்றமும் இல்லை, குழி நானே பறித்தது.

சரி, நீங்கள் பார்க்கப் போனால் ஒன்று: வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய குதிரை தென்பட்டால் பின்னால் போய் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அது உதைக்கும்.