ஜப்பானில் இலக்கு மருந்துகள்: மாத்திரைக்கு முன் நுரையீரலைப் பாருங்கள்

[திரையில்: பழுப்பு நிறத்தில் ஒரு வட்ட மாத்திரை. கீழே "250 மி.கி."]

குரல்: 2002 ஜூலை. முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப் என்ற இலக்கு மருந்துக்கு, அதாவது புற்றுச் செல்லில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் குறிவைக்கும் மாத்திரைக்கு, உலகிலேயே முதலில் அனுமதி கொடுத்த நாடு ஜப்பான். விற்பனைப் பெயர் ஐரெசா. நாளுக்கு ஒன்று போதும். கீமோவைப் போல முடி கொட்டாது, படுக்கையில் சேர வேண்டியதில்லை. வீட்டிலேயே தண்ணீரோடு விழுங்கிவிடலாம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று அவசரப் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியானது. இடையில் ஓடியது மூன்று மாதம்தான். மருந்து எடுத்த சிலருக்கு நுரையீரலின் காற்றுப் பைகளுக்கு நடுவே உள்ள இடைத்திசு அழற்சியால் வீங்கி, ஆக்சிஜன் இறங்கி, உயிரே போயிருந்தது. இன்று ஜப்பானியப் புற்றுநோய் மருத்துவர் ஒரு புதிய மருந்தைத் தொடும்போது முதலில் நுரையீரல் சி.டி.யை எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அந்த மூன்று மாதம்.

[திரையில்: 3,322 பேர் → 5.8 சதவீதம்]

பிறகு ஜப்பானில் 3,322 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 5.8 சதவீதம் பேருக்கு இந்த அழற்சி வந்தது. மேலை நாடுகளில் கண்டதைவிட இது பல மடங்கு அதிகம். யாருக்கு வந்தது என்று பிரித்துப் பார்த்ததில் ஒரு முகம் தெரிந்தது: புகைத்தவர், நுரையீரலில் ஏற்கெனவே நார்த்தழும்பு உள்ளவர், அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்குத் தளர்ந்தவர். ஆபத்து மிகுந்த காலம் முதல் 4 வாரம்.

அப்படியானால் ஜப்பானியருக்கு இது ஒத்துவராத மருந்தா? நேர் எதிர். 2004-இல் இந்த மருந்து எதைத் தாக்குகிறது என்பது தெளிவானது: ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றத்தை. அந்த ஆண்டு வந்த ஓர் ஆய்வில் ஜப்பானிலிருந்து வந்த 58 கட்டிகளில் 15-இல் மாற்றம் இருந்தது; அமெரிக்காவிலிருந்து வந்த 61-இல் ஒன்றே ஒன்று. இன்றைய கணக்கில் ஜப்பானியரின் நுரையீரல் அடினோகார்சினோமாவில் (சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்று வகை) ஏறக்குறைய பாதிக்கு இந்த மாற்றம் உண்டு. ஆக, மருந்தால் மிக அதிகம் பலன் பெறுபவர்களும், அதனிடம் மிக அதிகம் பயப்பட வேண்டியவர்களும் ஒரே நாட்டுக்காரர்கள். 2002-இல் இவர்களைப் பிரித்தறியும் பரிசோதனை கையில் இல்லை.

மாற்றம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஜப்பானிலேயே நடத்திய சோதனையின் முடிவு 2010-இல் வந்தது. கீமோவில் நோய் 5.4 மாதம் அடங்கியிருந்தது, ஜெஃபிடினிப்பில் 10.8 மாதம். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் அதே மாற்றத்தைத் தாக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரை பிடித்துவிட்டது. நாளுக்கு 80 மில்லிகிராம், நோய் அடங்கியிருந்தது 18.9 மாதம். ஆனால் நுரையீரல் பயம் அதோடு போய்விடவில்லை.

[திரையில்: பயாப்ஸித் துணுக்கு, ஃபார்மலின் குப்பி, கடிகாரம்]

மரபணு பரிசோதனை எங்கே சொதப்புகிறது? பெரும்பாலும் எந்திரத்தில் இல்லை, குப்பியில்தான். எடுத்த திசுவை உடனே திசு கெடாமல் காக்கும் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போட வேண்டும். ஊற வேண்டிய நேரம் 6 முதல் 48 மணி. வெள்ளிக்கிழமை மாலை எடுத்த திசு திங்கள் வரை கிடந்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும், மூச்சுக்குழாய் வழியாகக் கிள்ளிய சின்னத் துணுக்கென்றால் கேட்கவே வேண்டாம். எலும்பில் பரவிய கட்டியிலிருந்து எடுத்தால் இன்னொரு கண்ணி: சுண்ணாம்பை நீக்க அமிலத்தில் ஊறவைத்தால் மரபணுப் பொருள் பாழ். சுண்ணாம்பை நீக்க ஈ.டி.டி.ஏ. கரைசல் மெதுவானது, ஆனால் அதுதான் சரி. துணுக்கில் புற்றுச் செல்கள் குறைந்தது 20, 30 சதவீதமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் "மாற்றம் இல்லை" என்று வரும் பதிலுக்கு அர்த்தமே கிடையாது.

2019 ஜூனிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் பரிசோதனைக்கும் அரசு காப்பீடு கிடைக்கிறது. விலை 5,60,000 யென். வழக்கமான சிகிச்சை முடிந்தவர்கள் அல்லது முடியும் நிலையில் இருப்பவர்களுக்கே இது என்பது அங்கே பலருக்கும் வருத்தம்; நியாயமான வருத்தம்தான். பதில் வருவதற்குள் உடம்பு தாங்காமல் போகிறவர்கள் உண்டு. பரிசோதித்த 10 பேரில் ஒருவர் அளவுக்கே பொருத்தமான மருந்து போய்ச் சேருகிறது.

[திரையில்: இரண்டு தட்டு. ஒன்றில் 4 காப்ஸ்யூல், இன்னொன்றில் 8]

அடுத்து அளவு. ஏ.எல்.கே. என்ற மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிப் பிணைந்த நுரையீரல் புற்றுநோய்க்கு அலெக்டினிப் என்ற மருந்து ஜப்பானிலேயே பிறந்தது. 2014 ஜூலையில் அங்கேதான் முதல் அனுமதி. முற்றிய நோய்க்கு ஜப்பானியர் 150 மில்லிகிராம் காப்ஸ்யூலைக் காலையில் 2, இரவில் 2 விழுங்குகிறார்கள். அமெரிக்காவில், ஐரோப்பாவில் காலையில் 4, இரவில் 4. உடம்பு சிறியது என்பதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் காப்ஸ்யூலில் மருந்தோடு கலந்திருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட். தொடக்கச் சோதனையில் 300 மில்லிகிராம் வரை பெரிய தொல்லை எதுவும் வரவில்லை. அதற்கு மேல் ஏற்ற, அந்தச் சேர்மானத்துக்கு ஜப்பானில் இருந்த பாதுகாப்பு வரம்பு விடவில்லை. அங்கே பாதி அளவில் நோய் அடங்கியிருந்தது 34.1 மாதம். முழு அளவு கொடுத்த உலகச் சோதனையில் 34.8. இரண்டும் வெவ்வேறு சோதனைகள், நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத எண்கள்.

[திரையில்: ஆன்டிபாடி, அதில் தொங்கும் 8 மூலக்கூறுகள்]

நுரையீரலுக்கே திரும்புவோம். ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகன் ஜப்பானிய நிறுவனமான டாய்ச்சி சான்க்யோ உருவாக்கியது. சில புற்றுச் செல்களின் மேல் இருக்கும் ஹெர்2 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒவ்வொன்றிலும் சுமார் 8 கீமோ மூலக்கூறுகளைக் கட்டியனுப்புகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 5.4 மில்லிகிராம், இரைப்பைப் புற்றுநோய்க்கு 6.4, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கலக்கும்போது உப்புநீர் கூடாது, 5 சதவீத குளுக்கோஸ் மட்டும். பழக்கதோஷத்தில் சலைன் பையை எடுத்தால் மருந்து வீண். முதல் தடவை 90 நிமிடம் ஏற்றி, ஒத்துக்கொண்டால் அடுத்தது முதல் 30 நிமிடம்.

ஜப்பான், தென்கொரிய நோயாளிகளிடம் நடந்த இரைப்பைப் புற்றுநோய்ச் சோதனையில் கீமோ எடுத்தவர்களின் ஆயுள் 8.4 மாதம், இந்த மருந்தில் 12.5 மாதம். நுரையீரல் அழற்சி 10 பேரில் ஒருவருக்கு.

அதனால் முதல் டோஸுக்கு முன் மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி., விரலில் ஆக்சிஜன் அளவு, ரத்தத்தில் கே.எல்.-6 (நுரையீரல் பாதிப்பில் ஏறும் ஒரு புரதம்). இதில் 500-க்கு மேல் போனால் ஜப்பானில் புருவம் உயரும். தனியே அதை நம்பவும் கூடாது. புற்றுநோயே அந்த எண்ணை ஏற்றிவிடும். முன்பிருந்த எண்ணோடு ஒப்பிடத்தான் அது உதவும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது வறட்டு இருமல், மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சிரைப்பு, காய்ச்சல். வழக்கமாக நேரும் தப்பு இது: பக்கத்துக் கிளினிக்கில் சளி என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், புற்று மாத்திரையையும் நோயாளி விடாமல் விழுங்குவார், ஒரு வாரம் போய்விடும். அறிகுறி வந்த அன்றே சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு போன், மாத்திரை நிறுத்தம், சி.டி. டெருக்ஸ்டெகனில் அறிகுறியோடு வந்த அழற்சி என்றால் ஸ்டீராய்டு தொடங்கும், அந்த மருந்து நிரந்தரமாக நிற்கும். ஒசிமெர்டினிப்பில் மட்டும் ஒரு விதிவிலக்கு: அறிகுறியே இல்லாமல் சின்ன நிழல் தோன்றி, மருந்து தொடர்ந்தும் தானாக மறைவதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், நோயாளி அல்ல.

வரிசையும் முக்கியம். நிவோலுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை முதலில் கொடுத்து, சூடு ஆறுவதற்குள் ஒசிமெர்டினிப் தொடங்கினால் கடும் நுரையீரல் அழற்சி கூடுகிறது. மரபணு முடிவு வரும்வரை பொறுக்காமல் அவசரப்பட்டால் வரும் வினை இது.

[திரையில்: யென் கணக்கு]

பணம். மாதம் 5,00,000 யென் மருந்துக்கு நோயாளியின் 30 சதவீதப் பங்கு 1,50,000. 70 வயதுக்குள், ஆண்டு வருமானம் சுமார் 37 முதல் 77 லட்சம் யென் உள்ளவருக்கு 2015-இல் வந்து 2025-இலும் நடப்பில் இருந்த, நோயாளி கட்ட வேண்டிய மாத உச்சவரம்புக் கணக்கு: 80,100, அதோடு மொத்தச் செலவில் 2,67,000-க்கு மேற்பட்ட தொகையில் ஒரு சதவீதம். ஆக 82,430. 12 மாதத்துக்குள் மூன்று தடவை உச்சத்தைத் தொட்டவருக்கு நான்காவதிலிருந்து 44,400. இந்த உச்சவரம்பை உயர்த்தும் திட்டம் நோயாளி அமைப்புகளின் எதிர்ப்பால் 2025 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்டது. கணக்கு காலண்டர் மாதப்படி நடக்கிறது. மாதக் கடைசியில் தொடங்கிய சிகிச்சை அடுத்த மாதத்துக்கு நீண்டால் உச்சவரம்பு இரண்டு தடவை விழும்; தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.