முகத்தை நோக்கி விரலை நீட்டினால் ஞானம் வருமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒருவருடைய கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை இது. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்:

"பல வருடமாக ஜபமும் தியானமும் செய்து வருகிறேன். செய்யும்போது மனம் அமைதியாகிறது, எழுந்து வந்தால் பழையபடி ஆகிவிடுகிறது. சமீபத்தில் என் தோழி, 'இதெல்லாம் எதற்கு? உன் விரலை உன் முகத்தை நோக்கி நீட்டு. அங்கே என்ன இருக்கிறது என்று பார். அதுதான் ஞானம்' என்றாள். டக்ளஸ் ஹார்டிங் என்ற ஆங்கிலேயர் சொன்ன முறையாம். எனக்குக் குழந்தை விளையாட்டு மாதிரி தோன்றுகிறது. இது உண்மையான வழிதானா? ஜபத்தை விட்டுவிடலாமா? இதை என் குருவிடம் சொல்லலாமா?"

சரி. உங்கள் தோழி பாதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியைச் சொல்லாததால்தான் உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரிகிறது.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். டக்ளஸ் ஹார்டிங் 1909ல் இங்கிலாந்தில் பிறந்தவர், 2007ல் மறைந்தார். தொழில் கட்டடக்கலை. மிகவும் கட்டுப்பாடான ஒரு கிறிஸ்தவப் பிரிவில் வளர்ந்து, இளம் வயதிலேயே அதைவிட்டு வெளியே வந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்தார். அப்போது அவருடைய மனதை ஆட்டிக்கொண்டிருந்த கேள்வி 'நான் உண்மையில் என்ன?' என்பதுதான். முப்பத்து மூன்று வயதில் இமயமலையில் நடந்துகொண்டிருந்தபோது, தான் இருக்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்ததாகவும், அங்கே தலை என்று ஒன்றைக் காணவில்லை, தலை இருக்க வேண்டிய இடத்தில் எதிரே இருந்த மலையும் வானமும்தான் இருந்தன என்றும் பின்னாளில் எழுதினார்.

இதற்கு ஒரு படமும் காரணம். எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் தன்னைத்தானே வரைந்த படம். சாதாரணமாகத் தன்னை வரைகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்து முகத்தை வரைவார்கள். மாக் அப்படிச் செய்யவில்லை. சாய்ந்து படுத்துக்கொண்டு, இடது கண்ணுக்கு எது எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைந்தார். ஓரத்தில் புருவத்தின் வளைவு, மூக்கின் பக்கவாட்டு, மீசை. அப்புறம் மார்பு, நீட்டிய கால்கள், அறை, ஜன்னல். எல்லாம் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. ஹார்டிங்குக்கு அந்தப் படம் பெரிய திறப்பாக இருந்தது. 'மற்றவர்கள் தூரத்திலிருந்து பார்க்கும் என்னைத்தான் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் இடத்திலிருந்து பார்த்தால் நான் எப்படி இருக்கிறேன் என்று நானே பார்க்கவில்லையே' என்பது அவருக்கு விளங்கியது.

இப்போது பயிற்சியைச் செய்துவிடலாம். இந்த இடத்தில் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை, கையை நீட்டுங்கள்.

எதிரே இருக்கும் ஒரு பொருளைச் சுட்டுங்கள். அதற்கு நிறம் இருக்கிறது, வடிவம் இருக்கிறது, ஓரம் இருக்கிறது. அடுத்து உங்கள் காலைச் சுட்டுங்கள். அதுவும் அப்படித்தான், ஒரு பொருள். அப்புறம் வயிறு, மார்பு. இப்போது விரலைத் திருப்பி, நீங்கள் எங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ அந்த இடத்தைச் சுட்டுங்கள். ஞாபகத்தை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். நேற்றுக் கண்ணாடியில் பார்த்ததைச் சொல்லாதீர்கள். இந்த நிமிடம், இந்த விரல் காட்டும் இடத்தில் என்ன தெரிகிறது? நிறம் உண்டா? வடிவம் உண்டா? ஓரம், எல்லை ஏதாவது உண்டா? விரல் தெளிவாகத் தெரிகிறது. விரலுக்குப் பின்னால் அறை தெரிகிறது. விரல் சுட்டும் இடத்தில்? அங்கே எந்தப் பொருளும் தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருப்பது அங்கேதான்.

அவ்வளவுதான் பயிற்சி. உடனே மனதில் மறுப்புகள் எழும். எழ வேண்டும், அது நல்லது.

'எனக்குத் தலை இருக்கிறதே, தொட்டுப் பார்த்தால் தெரிகிறதே' என்று கேட்கலாம். தலை இருக்கிறது, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. எதிரே இருப்பவர் பார்த்தால் இருக்கிறது, கேமராவில் இருக்கிறது, கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடியில் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். உங்களிடமிருந்து சில அடி தள்ளி, அங்கே இருக்கிறது. தொட்டால் ஒரு அழுத்தம், ஒரு சூடு தெரிகிறது. அந்தத் தொடு உணர்வையும் ஏதோ ஒன்று அறிகிறது. அறியப்படும் பக்கத்தில் எத்தனை உணர்வுகளைச் சேர்த்தாலும், அறிகிற பக்கத்தில் ஒரு முகத்தையோ ஓர் ஆளையோ உங்களால் நிறுத்த முடியவில்லை. பயிற்சி காட்டுவது இதை மட்டும்தான்.

'கண் தன்னைத் தானே பார்க்காது, இது சாதாரண ஒளியியல், இதில் என்ன ஆன்மிகம்?' என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் என்ற அறிவியல் எழுத்தாளர் 1981ல் ஹார்டிங்கின் எழுத்துக்கு விமர்சனம் எழுதியபோது, இது குழந்தைத்தனமான, தன்னை மட்டும் மையமாக வைத்த பார்வை என்றே சொன்னார். நீங்கள் 'குழந்தை விளையாட்டு' என்று சொன்னதும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். அவர் சொன்னது தவறு என்று நான் தள்ளிவிட மாட்டேன். கண்ணுக்கு முகம் ஏன் தெரிவதில்லை என்பதை ஒளியியல் சரியாக விளக்குகிறது. ஆனால் நாம் ஒவ்வொரு நாளும் வாழ்வது ஒளியியலை வைத்து இல்லையே! 'கண்ணுக்குப் பின்னால் நான் என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் அங்கேயிருந்து உலகத்தைப் பார்க்கிறான், அவனைத்தான் மற்றவர்கள் புகழ்கிறார்கள், அவனைத்தான் அவமானப்படுத்துகிறார்கள்' என்ற நம்பிக்கையில் வாழ்கிறோம். அந்த ஒருவனைப் போய்ப் பார்த்திருக்கிறோமா? விரலை நீட்டுவது அவனைத் தேடுவதற்காக. முகம் தெரியவில்லை என்பது இதில் சின்ன விஷயம். அந்த ஆள் அகப்படவில்லை என்பதுதான் பெரிய விஷயம்.

கண் பார்வை இல்லாதவர்களுக்கும் இது பொருந்துமா என்ற சந்தேகம் வரலாம். பொருந்தும். கண்ணை மூடிக்கொண்டு, ஞாபகத்தை ஒதுக்கிவிட்டு, 'இந்த நிமிட அனுபவத்தில் எனக்கு எத்தனை கால்விரல்கள்? நான் எவ்வளவு பெரியவன்? என் எல்லை எங்கே முடிகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். சில உணர்வுகளும் ஒலிகளும் வந்து போகும். எல்லைக்கோடு ஒன்று கிடைக்காது. ஹார்டிங்கே இப்படி மூடிய கண்ணுடன் செய்யும் சோதனைகளையும் செய்யச் சொன்னவர்.

இந்த ஆள் நமக்குள் எப்படி வந்தான் என்பதையும் யோசிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தன் முகம் தெரியாது. பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் கண்ணாடியில் இருப்பது தான் என்று அடையாளம் காண்கின்றன. அதற்கு அப்புறம் பெயர், 'சமத்து', 'பிடிவாதம்', 'உன் மூக்கு உன் அப்பா மாதிரி' என்று மற்றவர்கள் சொல்வதெல்லாம் சேர்ந்து, தூரத்தில் இருந்த அந்தப் பிம்பம் மெல்ல மெல்ல இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. இது நடக்காமல் சமூகத்தில் வாழவும் முடியாது. அதனால் அதைக் குற்றமாக எண்ண வேண்டாம். அது பிறர் பார்வையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும்.

இப்போது ரமண மகரிஷி சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஒரு எண்ணம் எழுந்தால், அதன் பின்னால் ஓடாமல், 'இது யாருக்கு எழுந்தது?' என்று கேள். 'எனக்கு' என்று பதில் வரும். 'அந்த நான் யார்?' என்று திரும்பு. அந்தத் திரும்புதல்தான் விசாரம். ஹார்டிங் அதே திரும்புதலை விரலை வைத்துச் செய்யச் சொல்கிறார். ஜென் மரபிலும், உன் தாய் தந்தை பிறப்பதற்கு முன் உன் உண்மையான முகம் எது என்று கேட்கிற பழைய கேள்வி உண்டு. மூன்றும் நூற்றுக்கு நூறு ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். மகரிஷியின் விசாரம் 'நான்' என்ற எண்ணத்தின் வேர்வரை போகச் சொல்கிறது, ஹார்டிங்கின் முறை பார்வையிலிருந்து தொடங்குகிறது. ஆனால் கவனம் திரும்பும் திசை ஒன்றுதான். வெளியே புதிதாக ஒன்றை அடைவதற்குப் பதிலாக, அடைய நினைப்பவன் யார் என்று பார்ப்பது. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆமாம், இது உண்மையான வழிதான்.

ஆனால் தோழி சொல்லாத பாதி இங்கேதான் வருகிறது. 'பார்த்துவிட்டேன், அதுதான் ஞானம், முடிந்துவிட்டது' என்று ஹார்டிங் சொல்லவில்லை. தன் வழியை எட்டுக் கட்டமாக அவர் பிரித்தார். இப்படித் திரும்பிப் பார்ப்பது அதில் நான்காவது கட்டம். அதற்கு அப்புறம் அதை விடாமல் பழகுவது, வாழ்க்கையில் செயல்படுத்திப் பார்ப்பது, ஒரு கட்டத்தில் சுவர் மாதிரி ஒரு தடை வந்து நிற்பது, அதைக் கடந்து தன் விருப்பத்தைச் சரணடையச் செய்வது என்று போகிறது. பார்ப்பது எளிது, யாருக்கும் ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். அதில் நிலைப்பது எளிதில்லை. ஒரு நாள் பயிற்சி முகாமில் உட்கார்ந்துவிட்டு 'நான் ஞானி' என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது நிஜம்தான், அதை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பலரும் 'செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்கிறார்கள். என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? ஒளி, பரவசம், கண்ணீர்? அதெல்லாம் வந்து போகிற அனுபவங்கள். உங்கள் ஜபத்தில் வரும் அமைதியும் அப்படித்தான் வந்து போகிறது, அதைத்தானே நீங்கள் குறையாகச் சொன்னீர்கள்? இங்கே பார்க்கச் சொல்வது, அமைதி வந்தபோதும் போனபோதும் மாறாமல் அதை அறிந்துகொண்டிருந்த இடத்தை. அது சப்பென்றுதான் இருக்கும். அதில் சுவாரஸ்யம் இல்லையே என்று மனம் விட்டுவிடும். அந்த இடத்தில் விடாதீர்கள்.

இதைப் பழக நல்ல இடம் தியான அறை இல்லை, மனிதர்கள் முன்னால்தான். ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 'என் முகம் அவருக்கு எப்படித் தெரிகிறது, என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்' என்று கவனத்தில் பாதி உங்கள் கற்பனை முகத்தில் இருக்கிறது. கூச்சமும் பதற்றமும் பெரும்பாலும் அங்கேயிருந்து வருகின்றன. இப்போது நிஜத்தைப் பாருங்கள். அங்கே அவருடைய முகம் இருக்கிறது. இங்கே, உங்கள் பக்கத்தில், எந்த முகமும் தெரியவில்லை, அவருடைய முகத்துக்கு இடம் கொடுத்திருக்கும் வெட்டவெளிதான் இருக்கிறது. நேருக்கு நேர் இரண்டு முகங்கள் மோதுவது மாதிரி நாம் நினைக்கிறோம். உங்கள் அனுபவத்தில் இருப்பது ஒரே முகம், அது அவருடையது. சண்டை நடக்கும்போது இதை ஒரு கணம் பார்த்தாலும், பதில் சொல்லும் வேகம் குறையும். எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழும். இதைச் செய்துபார்த்தால்தான் தெரியும், நான் விளக்கி முடியாது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஏற்கெனவே 'நான் நானாக இல்லை, உலகம் பொய் மாதிரி இருக்கிறது' என்ற பயத்தோடு இருப்பவர்கள், கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்கள், இந்த மாதிரிப் பயிற்சியை இப்போது தொட வேண்டாம். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில், பௌத்த தியானம் செய்தவர்களில் சிலருக்குப் பயம், தன்னை இழந்துவிட்டது போன்ற தவிப்பு முதலியவை வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். 'நான்' என்ற பிடி தளர்வதில் லேசான தன்மை இருக்கும், மனிதர்கள்மீது அன்பு கூடும். அதற்குப் பதிலாக மரத்துப்போன உணர்வும் பயமும் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் ஆன்மிகக் குறைவு எதுவும் இல்லை.

ஜபத்தை விடலாமா என்று கேட்டீர்கள். விட வேண்டாம். பல வருடம் ஜபம் செய்ததால்தான் ஒரு இடத்தில் கவனத்தை நிறுத்த உங்களால் முடிகிறது. அந்தப் பலத்தை ஏன் வீணாக்க வேண்டும்? ஜபம் செய்யும்போது, நடுவில் ஒரு முறை, 'இந்த நாமம் எங்கே கேட்கிறது?' என்று திரும்பிப் பாருங்கள். நாமம் எழுவதும் அடங்குவதும் எந்த வெளியில் நடக்கிறது என்று பாருங்கள். மறுபடி நாமத்துக்கு வந்துவிடுங்கள். விரலைக்கூட நீட்ட வேண்டியதில்லை, முதலில் சில நாட்கள் உதவியாக இருக்கும், அவ்வளவுதான்.

குருவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். மறைத்துச் செய்தால் அந்த மறைப்பே ஒரு பாரமாக உட்கார்ந்துகொள்ளும். 'வேறு வழிக்குப் போகப் போகிறேன்' என்று ஆரம்பிக்காமல், 'இப்படிப் பார்த்தேன், இப்படித் தெரிந்தது, இதை எப்படி எடுத்துக்கொள்வது?' என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், காரணத்தையும் கேளுங்கள். உங்கள் மனநிலையைப் பக்கத்திலிருந்து பார்த்து அவர் சொல்கிற காரணமாக இருந்தால், நான் இங்கே பொதுவாகச் சொன்னதைவிட அதற்கு மதிப்பு அதிகம். காரணமே சொல்லாமல் கேள்வி கேட்டதற்காகவே கோபப்பட்டால், எனக்கு மறுபடி எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.