பந்தி இன்னும் முடியவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களோடு நல்லிணக்கம்: அரசின் வேலையா, குடியேறிய நமக்கும் பங்குண்டா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "1788ல் கப்பலில் வந்த வெள்ளைக்காரன் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். பந்தி முடிந்து விமானத்தில் வந்த நம்மை இலை எடுக்கச் சொல்கிறார்களே!" என்றார். மண்டபமே கைதட்டியது. போகிற போக்கில், "நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு கேள்வியும் போட்டார்.

சரி அண்ணே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பெரியவரைக் கூட்டி வருகிறேன்.

மெல்போர்னில் ஃபுட்ஸ்க்ரே ரயில் நிலையம் தெரியாத தமிழர் உண்டா? அங்கே இருக்கும் நடைபாலத்துக்கு வில்லியம் கூப்பர் என்று பெயர். யோர்ட்டா யோர்ட்டா இனத்துப் பெரியவர். மரே ஆற்றங்கரையில், பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பில் இருந்தவரைக்கும் அவருக்கு முதியோர் ஓய்வூதியம் கிடையாது. அதனால் எழுபது வயதுக்கு மேல் சொந்த மண்ணை விட்டு ஃபுட்ஸ்க்ரேக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் சங்கத்தின் செயலாளராக நின்று, ஊர் ஊருக்கும் அமைச்சர்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

1938 நவம்பர். ஜெர்மனியில் யூதர்களின் ஆலயங்களைக் கொளுத்துகிறார்கள், கடைகளை நொறுக்குகிறார்கள். செய்தி மெல்போர்னுக்கு வருகிறது. கூப்பரின் சங்கம் ஒரு கண்டனத் தீர்மானம் போடுகிறது. டிசம்பர் 6ஆம் தேதி, தீர்மானத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சங்கத்தின் தூதுக்குழு காலின்ஸ் தெருவில் இருந்த ஜெர்மன் தூதரகத்துக்குப் போகிறது. உள்ளே விடவில்லை.

நடுவர் அவர்களே, அவசரப்பட்டு இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனமில்லை. போனவர்கள் யார்? நாட்டின் மக்கள்தொகைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டம் எழுதி வைத்திருந்த இனம்! அந்த வரி நீங்கியது 1967 வாக்கெடுப்பில்தான். தங்களுக்கே கணக்கில் இடமில்லாதவர்கள், உலகத்தின் மறுகோடியில் இருப்பவர்களுக்காகப் போய் நிற்கிறார்கள். அடிபட்டவர்கள் அவர்கள் ஊர் இல்லை, இனம் இல்லை, மொழி இல்லை, மதம் இல்லை. அண்ணே, அவர்களுக்கு என்ன சம்பந்தம்? கூப்பர் அப்படிக் கேட்டிருந்தால், இன்றைக்கு அந்தப் பாலத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கும். 74 ஆண்டு கழித்து, 2012ல், அவருடைய பேரன் அதே தீர்மானத்தைக் கடிதமாகக் கொண்டுபோனார். ஜெர்மன் தூதரகம் வாங்கிக்கொண்டது.

அப்புறம் இன்னொரு தாள் இருக்கிறது. பிரிட்டிஷ் மன்னருக்குக் கூப்பர் எழுதிய மனு, 1,814 கையொப்பம். எங்கள் மக்களுக்காகப் பேச நாடாளுமன்றத்தில் ஒருவர் வேண்டும், இதுதான் அதில் முக்கியமான கோரிக்கை. 1937ல் பிரதமரிடம் கொடுத்தார். மன்னருக்கு அனுப்ப வேண்டாம் என்று அடுத்த ஆண்டு அமைச்சரவை முடிவு செய்தது. அந்த மன்னரின் தந்தைக்காகத்தான் கூப்பரின் மகன் டேனியல் 1917ல் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் உயிரை விட்டான். மகனைக் கொடுத்தவரின் மனு மேசையைத் தாண்டவில்லை. 1941ல் கூப்பரும் போய்விட்டார்.

இதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 2023 அக்டோபர் 14. பூர்வகுடிகளின் குரல் நாடாளுமன்றத்துக்குக் கேட்க ஓர் அமைப்பு வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்து நாட்டையே கேட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றோம். ஆறு மாநிலங்களிலும் தோற்றது. "என்றோம்" என்று தெரிந்துதான் சொல்கிறேன். அன்றைக்கு அந்த வாக்குச்சாவடி வரிசையில் நாமும் நின்றோம், வாக்குச்சீட்டில் குறிக்கும் பென்சில் நம் கையிலும் இருந்தது. அண்ணே, பந்தி முடியவில்லை! நமக்கும் இலை போட்டாயிற்று, நாமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டுக்காரர் இன்னும் வாசலில் நிற்கிறார்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் தாருங்கள்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே எங்கள் பிள்ளை என்று கேட்டார்கள். அந்தப் படங்களை நாம் இந்த ஊர்த் தெருக்களில் தூக்கிப் பிடிக்கிறோம். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று பார்த்தால் நமக்குக் கண் கலங்குகிறது. இந்த மண்ணிலும் பூர்வகுடித் தாயின் கையிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் இருவர் இல்லை, தலைமுறை தலைமுறையாக. 2008 பிப்ரவரி 13ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது, பிடுங்கப்பட்ட அந்தப் பிள்ளைகள் நரைத்த தலையோடு உட்கார்ந்து அழுதார்கள். பெற்ற தாயின் முகம் கடைசிவரை தெரியாமலே போனவர்கள் எத்தனையோ பேர்.

கிளிநொச்சித் தாயின் பிள்ளை படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தத் தாயிடம் சம்பந்தம் இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

ஒவ்வோர் ஆண்டும் மே 27ஆம் தேதி நல்லிணக்க வாரம் தொடங்குகிறது. அடுத்த முறை நான் போகும்போது அண்ணனையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். வருவார், எனக்குத் தெரியும். தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே. வணக்கம்.